குனிஞ்சு மிதிப்பதா... நிமிர்ந்து மிதிப்பதா?

"அண்ணா, பைக் வாங்கப் போறேன்!"

ஆர்.கே.பேட்டை பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடை. காலை ஆறரை மணி. எங்க தெருத் தம்பி ஒருவன், திருத்தணி அரசு கலைக் கல்லூரியில் ரெண்டாம் வருஷம் படிக்கிறவன், மூச்சு வாங்க ஓடி வந்து இப்படிச் சொன்னான்.

"பல்சரா, ஆர் ஒன் ஃபைவாடா?" என்றேன்.

"அய்யோ... பெட்ரோல் பைக் இல்லண்ணா. மிதிக்கிற பைக். ரோடு பைக்!"

டீ மாஸ்டர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "சைக்கிள்னு சொல்லேன்டா, அதுக்கு எதுக்கு இவ்ளோ பில்டப்பு?"

தம்பி கண்டுகொள்ளவே இல்லை. செல்போனை நீட்டினான். கன்னங்கரேலென்று ஒரு சைக்கிள். ஆட்டுக் கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில் பார், கத்தி முனை போல மெல்லிசான டயர், சீட்டோ உள்ளங்கை அகலம்தான். பார்த்தாலே நூறு கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் போல இருந்தது. விலையைப் பார்த்தால் நமக்குத்தான் தலை சுற்றும்.

அவன் கையில் இருந்தது நாற்பத்தைந்தாயிரம் ரூபாய். அதில் பாதி, மூணு வருஷமாக லீவு நாளில் எல்லாம் தறி ஓட்டி அவனே சேர்த்தது. மீதி, அவங்க நைனா தருவதாக ஒத்துக்கொண்டது. (எங்க ஊர்ப் பக்கம் பாதி வீட்டில் அப்பா இல்லை ஃப்ரெண்ட்ஸ், நைனாதான். 1960 ஏப்ரலில்தான் திருத்தணி வட்டாரமே ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. எல்லைக்கோடு இடம் மாறினாலும் பேச்சு மாறுமா?) பாவும் ஊடையுமாக, ஒவ்வொரு சேலையாக நெய்து சேர்ந்த பணம். தப்பான சைக்கிளை வாங்கிவிட்டால், திரும்ப அவ்வளவு பணம் சேர இன்னும் மூணு வருஷம். அதற்குள் டிகிரியே முடிந்துவிடும்.

அதனால்தான் அவனைப் பிடித்து உட்காரவைத்து, இன்னொரு டீ சொல்லிவிட்டுப் பேச ஆரம்பித்தேன். அவனிடம் பேசியதைத்தான் இப்போ உங்களிடமும் சொல்லப் போகிறேன். காரணம், காலேஜில் படிக்கிற உங்களில் பல பேர் இந்த ஆட்டுக் கொம்பு சைக்கிள் மேல் ஆசையாக இருப்பது எனக்குத் தெரியும்!

முதல் விஷயம். ரோடு பைக் என்பது ஒரே ஜாதி இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாமே அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால், உள்ளுக்குள் ரெண்டு குணம். ஒன்று ரேஸ் ரகம். இன்னொன்று 'எண்டூரன்ஸ்' என்று கம்பெனிக்காரர்கள் சொல்கிற நெடுந்தூர ரகம். நாம் அதைச் சொகுசு ரகம் என்றே வைத்துக்கொள்வோம். பெரிய கம்பெனிகள் எல்லாமே ரெண்டையும் ஜோடி ஜோடியாகச் செய்கிறார்கள். ஜெயன்ட்டில் டி.சி.ஆர். ரேஸுக்கு, டிஃபை சொகுசுக்கு. ட்ரெக்கில் மடோன் ரேஸ், டொமானே சொகுசு. ஸ்பெஷலைஸ்டில் டார்மாக், ருபே. கேனண்டேலில் சூப்பர்சிக்ஸ், சினாப்ஸ்.

'இதெல்லாம் லட்ச ரூபாய் சமாச்சாரமாச்சே?' என்கிறீர்களா? கரெக்ட்தான். ஆனால், விலை குறைந்த சைக்கிள்களும் இந்த ரெண்டு அச்சில் ஏதோ ஒன்றைப் பார்த்துத்தான் செய்யப்படுகின்றன. அச்சு தெரிந்தால் எந்த விலையிலும் ஏமாற மாட்டீர்கள்.

வித்தியாசம் எங்கே இருக்கிறது? பெயின்ட்டிலும் இல்லை, ஸ்டிக்கரிலும் இல்லை. ஃபிரேமின் கோணத்தில். ரேஸ் ரகத்தில் முன்பக்கம் தாழ்வு. ஹேண்டில் பார் சீட்டை விடக் கீழே கிடக்கும். கொஞ்சம் தள்ளியும் இருக்கும். அதை எட்டிப் பிடித்தாலே உங்க முதுகு தரைக்குச் சாய்ந்துவிடும். சொகுசு ரகத்தில் முன்பக்கக் குழாய் உயரம். அதே சைஸில் ரேஸ் வண்டியை விட ரெண்டு மூணு சென்டிமீட்டர் மேலே கை வைக்கலாம். ரெண்டு சென்டிமீட்டரில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைக்காதீர்கள். செருப்பில் ஒரு சின்னக் கல் மாட்டினால் என்ன ஆகும்? அது மாதிரிதான். முதல் அஞ்சு கிலோமீட்டர் ஒண்ணும் தெரியாது. ஐம்பதாவது கிலோமீட்டரில் அது மட்டும்தான் தெரியும்!

அடுத்து, நீளம். ரேஸ் வண்டியில் ரெண்டு சக்கரமும் நெருக்கமாக இருக்கும். திரும்பு என்று நினைத்தாலே திரும்பும். சொகுசு வண்டியில் பின்சக்கரம் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கும். வண்டி நிதானமாக, நேராக ஓடும். ஒரு கையை விட்டுத் தண்ணி பாட்டிலை எடுக்கும்போது இந்த வித்தியாசம் புரியும்.

அப்படியானால், எதற்குத்தான் அந்தக் குனிந்த ரேஸ் வண்டி? ஸ்டைலுக்கா?

இல்லை பாஸ், காத்துக்கு!

சமதரையில் வேகமாகப் போகும்போது உங்களைப் பிடித்து இழுக்கிற முதல் எதிரி காத்துதான். அதை வெல்லத் தேவையான சக்தி, வேகத்தின் மும்மடிக் கணக்கில் ஏறும். 20 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 30-க்குப் போனால் வேகம் ஒன்றரை மடங்குதான். ஆனால், காத்துக்குக் கொடுக்க வேண்டிய சக்தி 1.5 × 1.5 × 1.5... அதாவது, மூணே கால் மடங்குக்கும் மேலே! அந்தக் காத்தை மறிப்பதிலும் பெரும்பங்கு சைக்கிள் இல்லை, நம்ம உடம்புதான். அதனால்தான் ரேஸ்காரர்கள் உடம்பை மடித்துச் சின்னதாக்கிக் கொள்கிறார்கள்.

இதற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் ஒன்று உண்டு. 1989 டூர் டி ஃப்ரான்ஸ். மூணு வாரம், மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் ஓடி முடித்து, கடைசி நாள். பிரான்ஸின் லாரன் ஃபின்யோன் 50 விநாடி முன்னிலையில் இருக்கிறார். அமெரிக்காவின் கிரெக் லெமாண்ட் ரெண்டாவது. மிச்சம் இருப்பது வெர்சாயிலிருந்து பாரீஸ் வரை 24.5 கிலோமீட்டர் தனி ஓட்டம் மட்டுமே. 'முடிஞ்சு போச்சு, ஃபின்யோன்தான்' என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். லெமாண்ட், முழங்கையை ஊன்றி உடம்பை நீட்டிக்கொள்கிற புது மாதிரி ஹேண்டில் பாரோடு வந்தார். ஃபின்யோன் வழக்கமான பாரோடு, ஹெல்மெட்கூட இல்லாமல், குதிரைவால் முடி பறக்க ஓட்டினார். முடிவு? லெமாண்ட் 8 விநாடியில் ஜெயித்தார்! அந்தப் போட்டியின் சரித்திரத்திலேயே மிகக் குறைந்த வித்தியாசம் அதுதான். உட்காரும் விதம் ஒரு டூர் டி ஃப்ரான்ஸையே மாற்றிவிட்டது என்று அன்றைக்குப் பேசிக்கொண்டார்கள்.

இதைக் கேட்டதும் தம்பிக்கு முகம் பிரகாசமாகிவிட்டது. "அதான் அண்ணா நானும் ரேஸ் வண்டி..."

இரு ராசா, கதை இன்னும் முடியவில்லை.

அதே பிரான்ஸில் இன்னொரு பந்தயம் இருக்கிறது. பாரீஸ்-ருபே. 1896-லிருந்து நடக்கிறது. சுமார் 250 கிலோமீட்டரில் 50 கிலோமீட்டருக்கு மேல் கருங்கல் பாவிய பழங்காலச் சாலை. ஒவ்வொரு கல்லும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு இருக்கும். வெயில் அடித்தால் புழுதி, மழை பெய்தால் சேறு. 'வடக்கின் நரகம்' என்றே அதற்குப் பட்டப்பெயர். அங்கே போய் ரேஸ் வண்டியில் குனிந்துகொண்டு போனால் பல்லெல்லாம் ஆடிப்போகும்.

அதனால், அங்கே ஜெயிக்க வீரர்கள் வேறு வழி தேடினார்கள். 1992, 1993 ரெண்டு வருஷமும் ஜெயித்த கில்பேர் டுக்லோ-லாசால், மலைச் சைக்கிளில் வருகிற மாதிரி ஸ்பிரிங் வேலை செய்யும் முன் ஃபோர்க்கை ரோடு பைக்கில் மாட்டிக்கொண்டு போனவர். பிறகு, ஸ்பெஷலைஸ்டு கம்பெனி தன் சொகுசு ரக வண்டிக்கு 'ருபே' என்று அந்த ஊர்ப் பெயரையே வைத்தது. 2012-ல் ட்ரெக் கம்பெனி, சுவிட்சர்லாந்து வீரர் ஃபாபியன் கான்செலாராவோடு சேர்ந்து டொமானேவை உருவாக்கியது. சீட்டுக்குக் கீழே இருக்கிற குழாய் ஃபிரேமோடு கெட்டியாக ஒட்டாமல், அதிர்ச்சி வந்தால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும் ஏற்பாடு அதில் உண்டு. 2013-ல் கான்செலாரா அதில்தான் பாரீஸ்-ருபே ஜெயித்தார்.

புரிகிறதா? சொகுசு ரகம் என்பது தாத்தாக்களுக்கான வண்டி இல்லை. கெட்ட ரோட்டில் வேகமாகப் போவதற்கென்றே பிறந்தது. நல்ல ரோட்டில் ரேஸ் வண்டி ஜெயிக்கும். கெட்ட ரோட்டில்? ஓட்டுபவர் உடம்பு உடையாமல் இருந்தால்தானே ஜெயிக்க முடியும்!

இப்போ கேள்வி... நம்ம ஊர் ரோடு வெர்சாயா, ருபேயா?

திருத்தணியைத் தொட்டுப் போகிற சென்னை-திருப்பதி ஹைவேயை ஒரு பக்கம் வையுங்கள். அதில் காலையில் அஞ்சு மணிக்கு ஓட்டினால் வெர்சாய்தான். ஆனால், ஆர்.கே.பேட்டையிலிருந்து அந்த ஹைவேக்குப் போய்ச் சேர வேண்டுமே! ஒட்டுப் போட்ட தார், மழைக்குப் பிறகு வாயைப் பிளக்கும் பள்ளம், பெயின்ட் அடிக்காத ஸ்பீடு பிரேக்கர், ரோட்டிலேயே காயப்போட்ட வேர்க்கடலை, கரும்பு சீசனில் ஆலைக்குப் போகிற டிராக்டர் உதிர்த்துவிட்டுப் போன கரும்புத் துண்டு. இது எல்லாவற்றையும் தாண்டினால், ஊர் எல்லையில் நமக்காகவே காத்திருக்கும் நாய்கள். சோளிங்கர் பக்கம் போனாலும் சரி, பள்ளிப்பட்டு பக்கம் போனாலும் சரி, ருபேக்காரன் வந்து பார்த்தால் கண்ணீர் விட்டுக் கட்டிப்பிடித்துக்கொள்வான்.

நான் இதைச் சும்மா சொல்லவில்லை. அனுபவித்தவன். 2014-ல் முதல் சம்பளப் பணத்தில் ஒரு ரேஸ் வண்டி வாங்கினேன். என் உயரம் 168 சென்டிமீட்டர். எனக்கு 52 சைஸ் சரியாக இருந்திருக்கும். கடையில் இருந்ததோ 56. 'கடைசி பீஸ் சார், இருபது பர்சென்ட் தள்ளுபடி, சீட்டை இறக்கிக்கிட்டா போதும்' என்றார்கள். தள்ளுபடி என்ற வார்த்தையைக் கேட்டதும் நம்ம புத்தி எங்கே வேலை செய்கிறது? வாங்கிவிட்டேன். மூணாவது வாரம், அறுபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து இறங்கினேன். வலது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போயிருந்தன. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. ஒரு மாசம் வரை அந்த மரமரப்பு போகவில்லை.

டாக்டர் விளக்கினார். உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கமாக ஒரு நரம்பு ஓடுகிறது. உடம்பு எடையெல்லாம் முன்னால் சாய்ந்து உள்ளங்கையில் இறங்கினால், அது நசுங்கும். சைக்கிள்காரர்களுக்கு இது ரொம்பச் சகஜமாம். எட்டாத ஹேண்டிலை எட்டி எட்டிப் பிடித்ததில், என் உடம்பின் முக்கால் பாரம் கையில்தான் இருந்திருக்கிறது. அந்த வண்டியைப் பாதி விலைக்கும் குறைவாக விற்றேன். இருபது பர்சென்ட் தள்ளுபடிக்கு நான் கொடுத்த விலை அது.

ஆகவே தோழர், தோழியரே... ரகத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்னால் சைஸைப் பாருங்கள். சைஸ் தப்பான சொகுசு வண்டியை விட, சைஸ் சரியான ரேஸ் வண்டி எவ்வளவோ மேல். பெண்கள் கொஞ்சம் கூடுதல் கவனமாக இருங்கள். நம்ம ஊர்க் கடைகளில் சின்ன சைஸ் ஃபிரேம் ஸ்டாக் இருப்பது குறைவு. 'அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் மேடம்' என்பார்கள். அட்ஜஸ்ட் ஆகாது. ஆர்டர் போட்டு வரவழைக்கச் சொல்லுங்கள். சீட் உயரத்துக்கு ஒரு சுலபக் கணக்கு இருக்கிறது. நம்ம லெமாண்ட் பரப்பியதுதான். வெறுங்காலோடு சுவரை ஒட்டி நின்று, தரையிலிருந்து தொடை இடுக்கு வரை அளந்து, 0.883-ஆல் பெருக்குங்கள். 80 சென்டிமீட்டர் என்றால் 70.6. ரெண்டு பெடல் கட்டையும் சேர்ந்து சுற்றுகிற ஃபிரேம் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பாகம் வரை அந்த உயரம். அங்கிருந்து ஆரம்பித்து, உங்க வசதிக்குக் கொஞ்சம் முன்னே பின்னே மாற்றிக்கொள்ளலாம்.

டயர் சமாச்சாரத்துக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடித்த ஏரியா இது!

முன்னெல்லாம் ரோடு பைக் என்றால் 23 மில்லிமீட்டர் டயர், 100 பி.எஸ்.ஐ.-க்கு மேல் காத்து. கல்லு மாதிரி இருக்கும். மெல்லிசாக, கெட்டியாக இருந்தால்தான் வேகம் என்று உலகமே நம்பியது. பிறகு அளந்து பார்த்தார்கள். ரோடு வழவழப்பாக இருந்தால் சரி. சொரசொரப்பாக இருந்தால் கெட்டி டயர் ஒவ்வொரு கல்லிலும் துள்ளுகிறது. ஒவ்வொரு துள்ளலிலும் நீங்கள் மிதித்த சக்தி முன்னால் போகாமல், மேலே போய் உங்க உடம்பைக் குலுக்கி வீணாகிறது. கொஞ்சம் அகலமான டயர், கொஞ்சம் குறைந்த காத்து என்றால் கல்லை விழுங்கிக்கொண்டு போகும். அதனால்தான் இன்று டூர் டி ஃப்ரான்ஸ் ரேஸ்காரர்களே 28-க்கும் அதற்கு மேலும் போய்விட்டார்கள். சொகுசு வண்டிகளில் 32 சாதாரணம். 23-க்கும் 32-க்கும் ஒன்பது மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். குறுக்குவெட்டுப் பரப்பைக் கணக்குப் போடுங்கள்: 23 × 23 = 529. 32 × 32 = 1024. கிட்டத்தட்ட டபுள் காத்து உங்களைத் தாங்குகிறது!

இதில் ஒரு வேடிக்கை. நம்ம அப்பா, தாத்தா ஓட்டின கறுப்புச் சைக்கிள் இருக்கிறதே... 28 இன்ச் சக்கரம், ஒன்றரை இன்ச் டயர். அதாவது 38 மில்லிமீட்டர். நிமிர்ந்து உட்காரும் ஹேண்டில், பின்னால் சாய்ந்த குழாய், ஸ்பிரிங் வைத்த தோல் சீட். 1949-ல் முருகப்பா குழுமம் ஆரம்பித்த டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூர் தொழிற்சாலையிலிருந்து ஹெர்குலிஸ் என்று அனுப்பியது அந்த ரகத்தைத்தான். அதன் கேரியரில் நூல் பண்டலைக் கட்டிக்கொண்டு, பாவு சுற்ற ஊர் ஊராகப் போன நெசவாளர்களை எங்க ஊர் நன்றாகவே அறியும். வெளிநாட்டுக்காரன் நூறு வருஷம் ரேஸ் ஓட்டிவிட்டு, 'அகல டயர்தான் நல்லது' என்று இப்போதான் கண்டுபிடித்திருக்கிறான்!

ஆனால், எடை? அதை ஒதுக்கிவிட முடியாதுதான். ரேஸ் வண்டி எட்டரை கிலோ, சொகுசு வண்டி பத்தரை கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுகிறவர் 60 கிலோ. மேட்டில் ஏறும்போது மொத்த எடையைத்தானே தூக்குகிறோம்? 70.5 கிலோவில் ரெண்டு கிலோ என்பது மூணு பர்சென்ட்கூட இல்லை. பத்து நிமிஷம் ஏறுகிற மலை என்றால் 17 விநாடி வித்தியாசம். ரேஸில் 17 விநாடி என்பது தங்கப் பதக்கம். திருத்தணி மலை மேல் முருகனைப் பார்க்கப் போகிறவருக்கு? கோயில் வாசலில் செருப்பு விடுகிற நேரம்!

மலை என்றதும் கியர் ஞாபகத்துக்கு வருகிறது. இதைத் தம்பி கவனிக்கவே இல்லை. நீங்களும் கவனித்திருக்க மாட்டீர்கள். பழைய ரேஸ் வண்டிகளில் முன்னால் சின்னப் பல்சக்கரம் 39, பின்னால் பெரியது 25. அதாவது ஒரு தடவை பெடல் சுற்றினால் சக்கரம் ஒன்றரைச் சுற்றுக்கு மேல், சுமார் 3.3 மீட்டர் வண்டி நகரும். நிமிஷத்துக்கு 70 சுற்று மிதித்தால் மணிக்கு 14 கிலோமீட்டர் வேகம். அந்த வேகத்தில் மலை ஏற முடியாதவர், எழுந்து நின்று முட்டியைக் கொன்றுகொண்டு மிதிக்க வேண்டியதுதான். சொகுசு வண்டிகளில் முன்னால் 34, பின்னாலும் 34 வரை வருகிறது. ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர். அதே 70 சுற்றில் ஒன்பது கிலோமீட்டர் வேகம். உட்கார்ந்தபடியே, பேசிக்கொண்டே ஏறலாம். திருத்தணியில் படிக்கட்டு 365, அதை விடுங்கள். பஸ், கார் போகிற மலை ரோடு இருக்கிறதே, அதில் ஒரு தடவை ரெண்டு கியரிலும் ஏறிப் பாருங்கள். நான் எழுதியது எதையுமே படிக்கத் தேவையிருக்காது.

"அப்ப ரேஸ் வண்டி யாருக்குத்தான் அண்ணா?" என்றான் தம்பி. கேட்டது நியாயம்தான்.

பதில் சொல்கிறேன். யூனிவர்சிட்டி அளவில், மாநில அளவில் சைக்கிள் பந்தயத்தில் இறங்கப் போகிறீர்களா? வாரத்தில் நாலு நாள் நல்ல ஹைவேயில், குழுவாக, முப்பது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறீர்களா? குனிந்து கால் விரலைத் தொட முடிகிற முதுகு இருக்கிறதா? கண்ணை மூடிக்கொண்டு ரேஸ் ரகம் வாங்குங்கள். 'வேண்டாம், சொகுசு வாங்கு' என்று யாராவது அறிவுரை சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பத்தொன்பது வயசில் பறக்காமல் எப்போ பறப்பது?

ஆனால், தம்பியின் கனவு வேறு. சென்னையில் மெட்ராஸ் ரேண்டனர்ஸ் என்ற குழு நடத்துகிற நெடுந்தூரப் பயணங்களில் போக வேண்டும். பி.ஆர்.எம். என்பார்கள். 200, 300, 400, 600 கிலோமீட்டர். இது பந்தயம் இல்லை. முதல் பரிசு கிடையாது. நேரத்துக்குள் முடித்தால் போதும். 200-க்குப் பதிமூன்றரை மணி நேரம், 600-க்கு 40 மணி நேரம். எல்லாத் தூரமும் முடித்தவர்கள் பிரான்ஸில் நாலு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் பாரீஸ்-பிரெஸ்ட்-பாரீஸுக்குப் போகலாம். 1,200 கிலோமீட்டர், 90 மணி நேரம். 1891-ல் தொடங்கிய சவால் அது. அடுத்தது 2027-ல்.

200-ஐப் பதிமூன்றரையால் வகுத்துப் பாருங்கள். மணிக்கு 15 கிலோமீட்டர்கூட வரவில்லை. டீ குடிக்கிற நேரம், பஞ்சர் ஒட்டுகிற நேரம் எல்லாம் அதற்குள்தான். வேகம் பிரச்னையே இல்லை. பதிமூணு மணி நேரம் சீட்டில் உட்கார முடியுமா, கழுத்து தாங்குமா, விரல் மரக்காமல் இருக்குமா என்பதுதான் பிரச்னை.

கடையில் சில விஷயங்களைக் கேட்டே ஆக வேண்டும் என்று தம்பிக்குச் சொல்லி அனுப்பினேன். இந்த ஃபிரேமில் அதிகபட்சம் எத்தனை மில்லிமீட்டர் டயர் போகும்? இது முக்கியம். ஹேண்டிலைப் பிறகு ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். டயர் நுழையும் இடத்தை எந்த மெக்கானிக்கும் பெரிசாக்க முடியாது. மட்கார்டு, கேரியர் மாட்ட ஓட்டை இருக்கிறதா? புத்தகப் பையை முதுகில் சுமந்துகொண்டு வேர்த்து வழிய கிளாஸுக்குப் போகிறவருக்கு இது பெரிய வரம். ஹேண்டிலுக்குக் கீழே இருக்கிற வளையங்களை எடுத்துவிட்டு, 'அழகா இருக்கும்' என்று குழாயை வெட்டித் தரச் சொல்லாதீர்கள். வெட்டாத குழாயில் ஹேண்டிலை இறக்கலாம். வெட்டிய பிறகு ஏற்ற முடியாது. தம்பிக்கு ரெண்டு வருஷம் கழித்து ரேஸ் ஆசை வந்தால், அதே சொகுசு வண்டியில் வளையங்களை எடுத்துக் குனிந்துகொள்ளலாமே!

இன்னொரு விஷயம், வால்வ். நம்ம ஊர் பஞ்சர் கடை பம்ப் சாதா சைக்கிள் வால்வுக்கானது. ரோடு பைக்கில் வருவது மெல்லிசான ப்ரெஸ்டா வால்வ். அதன் நுனித் திருகைத் தளர்த்தாமல் காத்து ஏறாது. முப்பது நாற்பது ரூபாய்க்கு ஒரு பித்தளை அடாப்டர் கிடைக்கும், அதை எப்பவும் கூடவே வைத்திருங்கள். 700 சி ட்யூப் ஆர்.கே.பேட்டையில் கேட்டால், 'அது என்னா நம்பரு?' என்பார்கள். ரெண்டு ட்யூப் ஸ்டாக் வாங்கி வையுங்கள். ஜெல் வைத்த மெத்து மெத்து சீட் கவர் விற்பார்கள், வேண்டாம். அரை மணி நேரத்துக்குத்தான் அது சொகுசு. பிறகு எலும்பு புதைந்து, சுற்றியுள்ள சதை நசுங்கும். பேட் வைத்த சைக்கிள் டிரவுசர்தான் சரி. ஹெல்மெட், முன் லைட், பின் லைட் இதற்கெல்லாம் சேர்த்து ஒரு அஞ்சாயிரத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் வண்டி விலையையே பார்க்கணும். 2025 செப்டம்பரில் சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி. 12 பர்சென்ட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது. அந்த மிச்சம் ஹெல்மெட்டுக்குப் போகட்டும்.

தம்பி அடுத்த ஞாயிறே சென்னைக்குப் போனான். ரெண்டு ரகத்தையும் ஓட்டிப் பார்த்தானாம். கடை வாசலில் நல்ல ரோட்டில் ரேஸ் வண்டிதான் சூப்பராக இருந்திருக்கிறது. அஞ்சு நிமிஷ ஓட்டத்தில் எப்பவுமே அதுதான் ஜெயிக்கும். புத்திசாலிப் பையன், 'பக்கத்துல ரோடு போடாத தெரு ஏதாவது இருக்கா?' என்று கேட்டு, அங்கே போய் ரெண்டையும் அரை மணி நேரம் ஓட்டியிருக்கிறான். சாயந்திரம் போன் பண்ணினான்.

"அண்ணா, அந்தக் கறுப்பு வண்டியைத்தான் மனசு கேக்குது."

"கை என்ன கேக்குது?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "நீல வண்டியைக் கேக்குது," என்றான்.

நீல வண்டி வந்து இறங்கியது. அலுமினிய ஃபிரேம், 32 மில்லிமீட்டர் டயர், டிஸ்க் பிரேக், பத்தரை கிலோ. தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. தறியை நிறுத்திவிட்டு அவங்க நைனாவும் வெளியே வந்தார். காசு போட்டவர் ஆச்சே! லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, 'குடு, நான் ஒரு ரவுண்டு பாக்குறேன்' என்று ஏறினார். தம்பிக்குப் பாதி உயிர் போய்விட்டது. அவரோ, கோயில் வரை போய்த் திரும்பி, அந்தக் குண்டும் குழியுமான முனையில் பிரேக்கே பிடிக்காமல் வந்து இறங்கினார்.

"நம்ம பழைய ஹெர்குலிஸ் மாதிரியேதான்டா இருக்குது, குலுக்கவே இல்ல," என்றார். பிறகு ஹேண்டிலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இவ்ளோ காசு குடுத்திருக்கமே... பெல்லு எங்கடா?"